அரசுத் தலைவர் பதவி துறந்தால்

2022ஆம் ஆண்டு யூலை மாதத்தின் இறுதி நாட்கள் அவை. எரிபொருள் இல்லாமையால் மூடப்பட்டிருந்த பாடசாலைகள் மீண்டும் திறக்கப்பட்டிருந்தன. உயர்தர வகுப்பிற்கு அரசறிவியல் கற்பிக்கும் ஆசிரியர் அன்று வந்துசேர இயலாமையால், அவருடைய பாடவேளையை அதிபராகிய நானே எடுத்தேன். நாட்டின் சனாதிபதி பதவி துறந்து, வேறொருவர் அப்பதவியை ஏற்றுச் சில நாட்களே ஆகியிருந்தன. பாடநூலைத் திறக்கச் சொல்லுமுன்னரே பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த ஒருவர் கடிதம் எழுதிவைத்துவிட்டுப் போய்விடுகிறார். அப்படியானால் மக்கள் கொடுத்த வாக்கு எங்கே போகிறது?" என்று கேட்டான்.

யாப்பின் உறுப்புரை இன்னது, வாசகம் இன்னது என்று விடை சொன்னேன். மணியும் அடித்துவிட்டது. ஆயினும் நான் கூறிய விடை எனக்கே நிறைவு தரவில்லை. பதவியை அடுத்து யார் வகிப்பார் என்பதற்கு நான் விடை சொன்னேனேயன்றி, வாக்கு எங்கே போகிறது என்ற அவனுடைய வினாவிற்கு விடை சொல்லவில்லை. இவை ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு வினாக்கள். அவ்விரண்டையும் நமது நாட்டு வரலாற்றைத் துணைக்கொண்டு ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

முதலிற் சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். உயர்பதவியில் இருப்பவர் தம் காலம் முடியுமுன் அதிலிருந்து நீங்குவதற்கு வழிகள் சில உண்டு. இறப்பு ஒன்று. பிறரால் விலக்கப்படுதல் மற்றொன்று. தாமாகவே துறத்தல் மூன்றாவது. நமது இன்றைய யாப்பின்படி ஒரு சனாதிபதியை விலக்குவதென்றால், பாராளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கினர் இசையவேண்டும். உயர் நீதிமன்றம் விசாரித்து முடிவுரைக்கவேண்டும். அதன் பின்னர் மீண்டும் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களிக்கவேண்டும். விலக்குவதற்கு இத்துணை நீண்ட வழி. விலகுவதற்கோ தம் கைப்பட ஒப்பமிட்ட ஒரு கடிதம் போதும். யாரிடமும் காரணம் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அக்கடிதம் யாருக்கு எழுதப்படுகின்றது, அதற்குப் பின் இருக்கையை நிரப்புவோர் யார், அவ்வாறு வருபவர் எத்துணைக் காலம் இருப்பார் என்ற மூன்றினையும் நோக்கினால், அந்நாட்டில் அதிகாரத்தின் ஊற்று எங்கே இருக்கின்றதென்பது விளங்கிவிடும்.

சுதந்திர இலங்கையில் உயர்பதவியொன்று இடைநடுவில் துறக்கப்பட்ட முதற் பெரு நிகழ்ச்சி 1953இல் நடந்தது. அப்போது வழக்கிலிருந்தது சோல்பரி அரசியல் திட்டம். இலங்கை மன்னராட்சியை ஏற்ற நாடு. மன்னரின் பெயரால் மகா தேசாதிபதி இருந்தார். ஆட்சி அதிகாரமோ பிரதம மந்திரியிடமும் அவருடைய மந்திரிசபையிடமும் இருந்தது. பிரதம மந்திரியை மக்கள் நேராகத் தெரிவுசெய்வதில்லை. பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மையோரின் நம்பிக்கையைப் பெற்றவரை மகா தேசாதிபதி அப்பதவிக்கு அழைப்பார். ஐக்கிய இராச்சியத்தில் வழங்கும் மரபுகளையே அவர் பின்பற்றவேண்டுமென்று யாப்பே கூறியது.

1952 மார்ச் மாதம் 21ஆம் திகதி காலிமுகத்திடலிற் குதிரையிலிருந்து விழுந்த டி. எஸ். சேனநாயக்க மறுநாட் காலமானார். அவருடைய மகன் டட்லி சேனநாயக்க மார்ச் 26இல் பிரதம மந்திரியானார். வயதாலும் கட்சியில் நிலையாலும் தமக்கே அவ்விடம் உரியதென்று சேர் ஜோன் கொத்தலாவல எண்ணியிருந்தார். அவருடைய மனத்தாங்கல் நாடறிந்த செய்தியாயிற்று. ஆயினும் டட்லி சேனநாயக்க பாராளுமன்றத்தைக் கலைத்து மக்களிடம் சென்றார். 1952 மே மாதத்தில் நடந்த தேர்தலில், தெரிவுசெய்யப்படும் 95 இடங்களில் 54 இடங்களை ஐக்கிய தேசியக் கட்சி வென்றது. தந்தையின் இறப்பினாற் கிடைத்த பதவி, மக்களின் தீர்ப்பினால் உறுதிபெற்றது.

அவ்வுறுதி ஓராண்டுக்கு மேல் நிலைக்கவில்லை. கொரிய யுத்தகாலத்தில் உயர்ந்திருந்த இறப்பர் விலை வீழ்ந்தது. வெளிநாட்டு அரிசியின் விலை ஏறிற்று. திறைசேரி வற்றியது. 1953 யூலையில் நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்தன வரவுசெலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தபோது, கூப்பனுக்கு வழங்கப்பட்ட அரிசியின் விலை கொத்து ஒன்றிற்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்ட மதிய உணவு நிறுத்தப்பட்டது. புகைவண்டிக் கட்டணமும் தபாற் கட்டணமும் கூடின. ஏழைக் குடும்பத்தின் அடுப்படியை நேராகத் தொட்ட தீர்மானங்கள் இவை.

ஓகஸ்ட் மாதம் 12ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது. இடதுசாரிக் கட்சிகள் அழைத்தன. கட்சி வேறுபாடின்றி மக்கள் கலந்துகொண்டனர். கடைகள் மூடப்பட்டன, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூபவுண்லாந்து என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலில் மந்திரிசபை கூடியதென்றால், அன்றைய நிலைமையை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. டட்லி சேனநாயக்க மென்மையான உள்ளம் படைத்தவர், உடல்நலமும் குன்றியிருந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் மாதம் 12ஆம் திகதி அவர் பதவி துறந்தார்.

இவ்விடத்தில் யாப்பு எவ்வாறு இயங்கியதென்பதை உற்றுநோக்குவோம். மந்திரிமார் தம் கைப்பட மகா தேசாதிபதிக்கு எழுதி விலகலாம் என்பது விதி. கடிதம் சோல்பரிப் பிரபுவிடம் சென்றது. பிரதம மந்திரி விலகினால் அவருடைய மந்திரிசபையும் அவரோடு நீங்கும் என்பது மரபு. பெரும்பான்மைக் கட்சியின் ஆதரவைப் பெறக்கூடியவரென்று சேர் ஜோன் கொத்தலாவல அழைக்கப்பட்டார். அதே நாளில் அவர் பதவியேற்றுப் புதிய மந்திரிசபையை அமைத்தார். ஜே. ஆர். ஜயவர்தனவிடமிருந்த நிதி இலாகா சேர் ஒலிவர் குணத்திலக்கவிடம் சென்றது. கைத்தொழில், மீன்பிடி மந்திரியாயிருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலமும் அம்மாதத்திலேயே மந்திரிப் பதவியினின்று நீங்கினார். தேர்தல் நடக்கவில்லை. சபை கலைக்கப்படவுமில்லை.

இது முறையானதா என்று கேட்டால், முறையானதே என்பதுதான் விடை. மக்கள் தெரிவுசெய்தது பிரதிநிதிகள் சபையை. பிரதம மந்திரியின் அதிகாரம் அச்சபையிலிருந்து பிறந்தது. ஊற்று இருக்கும்வரை நீரை மொள்ளும் பாத்திரம் மாறலாம் அல்லவா? ஆகையால் 1953இல் எழுதப்பட்ட கடிதம் யாப்பிற் சிறு சலனத்தையும் உண்டாக்கவில்லை.

எனினும் மக்கள் கணக்கு வேறாக இருந்தது. அரிசி விலை பின்னர் ஓரளவு குறைக்கப்பட்டபோதிலும், ஹர்த்தாலின் நினைவு மறையவில்லை. மொழிப் பிரச்சினையும் வேறு பலவும் அதனோடு சேர்ந்தன. சேர் ஜோன், பாராளுமன்றத்தின் காலம் முடியுமுன்னரே 1956இல் அதைக் கலைத்துத் தேர்தலுக்குச் சென்றார். அவ்வாண்டு ஏப்பிரலில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் கூட்டணி 51 இடங்களை வென்றது. தாம் நேராகத் தெரிவுசெய்யாத பிரதம மந்திரியைப்பற்றி மக்கள் தம் தீர்ப்பைச் சொல்ல இரண்டரை ஆண்டுகள் காத்திருந்தனர்.

அந்தப் பழைய திட்டத்தில் பிரதம மந்திரிக்கு மற்றொரு வழியும் திறந்திருந்தது. 1960 மார்ச் மாதத் தேர்தலுக்குப் பின் மீண்டும் பிரதம மந்திரியான டட்லி சேனநாயக்க, ஏப்பிரலில் சிம்மாசனப் பிரசங்கத்தின்மீதான வாக்கெடுப்பிலே தோல்வியுற்றார். இம்முறை பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. யூலையிற் புதிய தேர்தல் நடந்தது. ஒரே மனிதருடைய வாழ்விலேயே இரண்டு வழிகளும் அமைந்துவிட்டன. 1953இல் அவர் தனித்துப் போனார், சபை நின்றது. 1960இல் சபை கலைந்தது. முடிவு மக்களிடம் சென்றது.

இனி, யாப்பு மாறிய காலத்திற்கு வருவோம். 1972இல் இலங்கை குடியரசாயிற்று. 1978இல் நிறைவேற்று அதிகாரமுள்ள சனாதிபதி முறை வந்தது. ஆட்சியின் தலைமை, சபையிலிருந்து பிறக்கும் பிரதம மந்திரியிடமிருந்து, மக்களால் நேராகத் தெரிவுசெய்யப்படும் ஒருவரிடம் சென்றது. நாடு முழுவதும் ஒரே தொகுதியாக வாக்களிக்க, அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குகளில் அரைப்பங்கிற்கு மேற் பெறுபவர் சனாதிபதி. முதலிற் பதவிக்காலம் ஆறாண்டுகள். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் ஐந்தாண்டுகள்.

இங்கேதான் எனது மாணவனின் வினா பிறக்கின்றது. ஊற்று இப்போது சபையன்று; மக்கள். மக்கள் ஒருவரைப் பெயர்சொல்லித் தெரிவுசெய்திருக்க, அவர் இடையில் விலகினால் அடுத்தவரை யார் தெரிவுசெய்வது? உலகம் இதற்குப் பலவகையாக விடை கண்டிருக்கின்றது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் துணைச் சனாதிபதி எஞ்சிய காலம் முழுவதற்கும் சனாதிபதியாகிவிடுகிறார். 1974 ஓகஸ்ட் 9ஆம் திகதி ரிச்சட் நிக்சன் பதவி துறந்தபோது, இராசாங்கச் செயலாளருக்கு ஒரே ஒரு வாக்கியத்திற் கடிதம் எழுதினார். அன்று நண்பகலில் ஜெரால்ட் போர்ட் பதவியேற்றார். அவரோ, முன்னைய துணைச் சனாதிபதியான ஸ்பைரோ அக்னியூ 1973இல் விலகியமையால் நியமிக்கப்பட்டுக் காங்கிரஸ் சபையால் உறுதிசெய்யப்பட்டவர். நாடளாவிய வாக்கினால் எந்தப் பதவிக்கும் தெரிவுசெய்யப்படாத ஒருவர் அந்நாட்டின் தலைவரானார்.

இந்தியாவில் ஏற்பாடு வேறு. அங்கே துணைக் குடியரசுத் தலைவர் தற்காலிகமாகவே கடமை பார்ப்பார். ஆறு மாதத்துக்குள் புதிய தேர்தல் நடத்தப்படவேண்டும். வருபவர் முழுமையான ஐந்தாண்டுக் காலத்திற்கும் உரியவர். 1969 மே மாதத்திற் சாகீர் உசேன் காலமானபின் பதில் தலைவராயிருந்த வி. வி. கிரி, தேர்தலிற் போட்டியிடும் நோக்கத்தோடு யூலை 20ஆம் திகதி விலகினார். தலைவரும் இல்லை, துணைத் தலைவரும் இல்லை. அப்போது பிரதம நீதியரசர் இதயத்துல்லா ஒரு மாதத்திற்கு மேல் அப்பொறுப்பைத் தாங்கினார். நாட்டின் இருக்கை ஒரு கணமும் வெறுமையாயிருத்தல் ஆகாது என்ற எண்ணமே அங்கும் முன்னின்றது.

நமது 1978ஆம் ஆண்டு யாப்பு இவ்விரண்டிற்கும் வேறான மூன்றாவது வழியைக் கொண்டது. துணைச் சனாதிபதி என்றொரு பதவி இங்கில்லை. சனாதிபதி விலக விரும்பினால் சபாநாயகருக்கு எழுதவேண்டும். நாட்டில் அவருக்கு மேலான பதவியாளர் எவருமில்லாமையால், மக்கள் பிரதிநிதிகளின் தலைவருக்கு எழுதுவது பொருத்தமானதே. பதவி வெற்றிடமானவுடன் பிரதமர் பதில் சனாதிபதியாகிறார். பிரதமர் பதவியும் வெற்றிடமாயிருந்தாற் சபாநாயகர் அப்பொறுப்பை ஏற்பார். ஒரு மாதத்துக்கு மேற்படாமல், பாராளுமன்றம் தன் உறுப்பினருள் ஒருவரை இரகசிய வாக்கெடுப்பினாற் சனாதிபதியாகத் தெரிவுசெய்யவேண்டும். வருபவர் எஞ்சிய காலத்திற்கு மட்டுமே உரியவர்; ஒரு நாளும் கூடுதலாக அன்று. இத்தெரிவின் நடைமுறையை 1981ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வகுத்தது.

அவ்விதிகள் முதன்முதற் செயற்பட்டது ஒரு துயர நாளிலாகும். 1993 மே மாதம் முதலாந் திகதி சனாதிபதி ஆர். பிரேமதாச கொழும்பில் மேதின ஊர்வலத்தின்போது குண்டுத் தாக்குதலிற் கொல்லப்பட்டார். பிரதமர் டி. பி. விஜேதுங்க உடனே பதிற் கடமையை ஏற்றார். மே 7ஆம் திகதி பாராளுமன்றம் அவரையே போட்டியின்றித் தெரிவுசெய்தது. எஞ்சிய காலத்தை நிறைவுசெய்து 1994இல் அவர் விலகிக்கொண்டார். அவ்வாண்டுத் தேர்தலிற் போட்டியிடவுமில்லை. துக்கத்தின் நடுவிலே நாடு ஒன்றுபட்டிருந்தமையால், அன்று மக்களின் வாக்கு எங்கே போயிற்று என்று கேட்டவர் அரியர்.

2022ஆம் ஆண்டு அவ்வாறன்று. அவ்வாண்டில் இரண்டு மாத இடைவெளியில் நாடு இரண்டு பதவி துறப்புகளைக் கண்டது. வெளிநாட்டுச் செலாவணி அற்றுப்போய், சமையல் எரிவாயுவிற்கும் மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் மக்கள் இரவுபகலாக வரிசையில் நின்ற காலம் அது. ஏப்பிரல் 9ஆம் திகதி தொடங்கிக் காலிமுகத்திடலிற் போராட்டக்காரர் கூடாரமிட்டிருந்தனர். மே 9ஆம் திகதி பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ பதவி துறந்தார். பிரதமரின் கடிதம் சனாதிபதிக்குரியது. அவர் விலகியதும் யாப்பின்படி அமைச்சரவையும் கலைந்தது. மே 12இல் ரணில் விக்கிரமசிங்க பிரதமராக நியமிக்கப்பட்டார். அவருடைய கட்சிக்கு அப்பாராளுமன்றத்தில் இருந்தது தேசியப் பட்டியல் மூலம் கிடைத்த ஒரே ஓர் ஆசனம். அதில் அமர்ந்திருந்தவர் அவரே.

யூலை 9ஆம் திகதி பெருந்திரளான மக்கள் சனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தனர். சனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, 2019 நொவெம்பரில் 69 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்று, 52.25 சதவீதத்தோடு வந்தவர். 13ஆம் திகதி அவர் விலகுவாரென்று சபாநாயகர் மஹிந்த யாப்பா அபேவர்தன அன்றிரவே அறிவித்தார். இவ்விடத்தில் நேயர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். விலகப்போகிறேன் என்பது எண்ணம்; விலகினேன் என்பது செயல். சட்டத்தின் கண்ணுக்குச் செயல் மட்டுமே தெரியும். 9ஆம் திகதிக்குப் பின்னரும் நாட்டின் சனாதிபதி அவரே.

13ஆம் திகதி அதிகாலையில் அவர் விமானப்படையின் விமானத்தில் மாலைதீவுக்குச் சென்றார். அன்று வந்தது பதவி துறப்புக் கடிதமன்று. தாம் நாட்டில் இல்லாத வேளையிற் பிரதமர் தம் கடமைகளைப் பார்ப்பார் என்ற நியமனமே வந்தது. யாப்பின் 37ஆம் உறுப்புரை அதற்கு இடமளிக்கின்றது. அதன்படி பிரதமர் வகித்தது, உரியவர் இருக்க அவர் சார்பில் வகிக்கும் இரவல் அதிகாரம். மறுநாள் சனாதிபதி சிங்கப்பூரை அடைந்தார். அங்கிருந்த நமது உயர் ஸ்தானிகராலயத்தின் மூலமாகக் கடிதம் சபாநாயகருக்கு வந்தது. யாப்புக் கேட்பது ஒப்பமிட்ட எழுத்து. ஆகையால் அதன் உண்மைத்தன்மையை உறுதிசெய்தபின்னரே, 15ஆம் திகதி காலை, 14ஆம் திகதி முதல் அவர் விலகினாரென்று சபாநாயகர் நாட்டிற்கு அறிவித்தார்.

அக்கணத்தில் யாப்பின் வேறொரு பக்கம் திறந்தது. அதே ரணில் விக்கிரமசிங்க அன்று பிரதம நீதியரசர் முன்னிலையிற் பதில் சனாதிபதியாகச் சத்தியப்பிரமாணம் செய்தார். ஆளும் ஒருவரே, அலுவலும் ஒன்றே. ஆயினும் முன்னைய அதிகாரம் போனவர் கொடுத்தது. இப்போதைய அதிகாரம் யாப்பே கொடுத்தது. முன்னதைக் கொடுத்தவர் திரும்பப் பெறலாம். பின்னதை அவர் தொட இயலாது. வகுப்பிலே இந்த வேறுபாட்டை விளக்கியபோது பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனாற் பதவியை விட்டவர் மறுநாள் மனம்மாறித் திரும்பிவந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால், அந்த ஒரு தாளின் பெறுமதி விளங்கும்.

16ஆம் திகதி பாராளுமன்றம் கூடியது. விலகியவரின் கடிதம் வாசிக்கப்பட்டு, வெற்றிடம் அறிவிக்கப்பட்டது. தேர்தலை நடத்தும் அலுவலர் பாராளுமன்றச் செயலாளர் நாயகமே. 19ஆம் திகதி பெயர்கள் முன்மொழியப்பட்டன. ரணில் விக்கிரமசிங்க, டலஸ் அழகப்பெரும, அநுர குமார திசாநாயக்க என மூவர் களத்தில் நின்றனர். 20ஆம் திகதி வாக்கெடுப்பு. 225 உறுப்பினருள் 223 பேர் வாக்களித்தனர். நான்கு வாக்குகள் செல்லுபடியாகவில்லை. முதல்வருக்கு 134, இரண்டாமவருக்கு 82, மூன்றாமவருக்கு 3. மறுநாள் ரணில் விக்கிரமசிங்க 2024 நொவெம்பர் வரையான எஞ்சிய காலத்திற்குச் சனாதிபதியானார். இலங்கை வரலாற்றில் சனாதிபதி ஒருவர் பதவி துறந்ததும் அதுவே முதன்முறை. பாராளுமன்றத்திற் போட்டியிட்டுச் சனாதிபதி தெரிவானதும் அதுவே முதன்முறை.

இதனைச் சிலர் யாப்பின் வெற்றி என்றனர். மாளிகைகளுக்குள் மக்கள் புகுந்த ஒரு நாட்டில், படையினர் ஆட்சியைக் கைப்பற்றாமல், ஒரு கடிதத்தினாலும் ஒரு வாக்குப்பெட்டியினாலும் பன்னிரண்டு நாட்களுக்குள் அதிகாரம் கைமாறியதே. அயல்நாடுகள் சிலவற்றின் கதையை நினைத்தால் இது சிறிய செய்தியன்று என்பது அவர்கள் வாதம். வேறு சிலர், மக்கள் எதற்காக வீதிக்கு வந்தார்களோ அது நிறைவேறவில்லை. விலகியவரை ஆதரித்த பெரும்பான்மையே வருபவரையும் தெரிவுசெய்தது என்றனர். இரு சாராரும் சொல்வதில் உண்மை உண்டு. யாப்பு அமைதியைக் காத்தது. ஆனால் மக்களை மீண்டும் கேட்கவில்லை. கேட்கும்படி அதன் விதியும் சொல்லவில்லை.

பின் நடந்ததையும் சேர்த்துப் பார்த்தாலே வரலாறு முழுமையாகும். 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி சனாதிபதித் தேர்தல் நடந்தது. இரண்டாண்டுகளுக்கு முன் பாராளுமன்றத்தில் மூன்று வாக்குகள் மட்டும் பெற்ற அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீத வாக்குகளோடு முதலிடம் பெற்றார். எவரும் அரைப்பங்கைத் தாண்டாமையால், நமது வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்டு அவர் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார். 134 வாக்குகள் பெற்றவர் 17.27 சதவீதத்தோடு மூன்றாமிடத்தில் நின்றார்.

1956இற் சேர் ஜோன் தோற்றார். அமெரிக்காவில் 1976இற் போர்ட் தோற்றார். 2024இலும் அவ்வாறே நிகழ்ந்தது. இதனை ஒரு நியதியென்று நான் சொல்லத் துணியேன். ஒவ்வொரு தோல்விக்கும் அதனதன் காரணங்கள் பல உண்டு. எஞ்சிய காலத்தை ஏற்பவர் பெரும்பாலும் எஞ்சிய பழியையும் ஏற்கவேண்டியவராகிறார் என்பது மட்டும் தெரிகின்றது. வாடகைக்கு இருந்தவர் விட்டுப்போன வீட்டிற் குடியேறுபவர், அவர் வைத்துப்போன கடனுக்கும் பதில் சொல்லவேண்டியிருப்பதைப் போன்றது இது.

இனி அந்த மாணவனுக்கு விடை சொல்லலாம். பதவி துறப்பவரோடு மக்களின் வாக்குப் போய்விடுவதில்லை. அவர் அதைக் கொண்டுபோகவும் முடியாது. தாம் விரும்பியவருக்கு எழுதிக்கொடுக்கவும் முடியாது. கடிதம் சபாநாயகருக்குச் செல்கிறதேயன்றி, அடுத்து வருபவருக்குச் செல்வதில்லை என்பதன் பொருள் அதுவே. மக்கள் கொடுத்த வாக்கு ஒரு மனிதருக்கு மட்டுமன்று, ஒரு காலத்திற்கும் கொடுத்ததாகும். மனிதர் போகலாம், காலம் நிற்கும். அந்தக் காலத்தை நிறைவேற்றும் பொறுப்பை யாப்பு மக்களின் ஏனைய பிரதிநிதிகளிடம் ஒப்படைக்கிறது. ஆனால் ஒரு நாளேனும் கூட்டிக்கொள்ளும் உரிமையை அவர்களுக்குக் கொடுப்பதில்லை. கெடு முடிந்ததும் கணக்கு உரியவரிடமே திரும்பவேண்டும்.

ஆகையால், எஞ்சிய காலம் என்ற அந்த இரண்டு சொற்களை வெறும் சட்டச் சொற்களாக எண்ணிவிடலாகாது. அவற்றிலேதான் மக்களின் உரிமை தங்கியிருக்கின்றது. வெற்றிடத்தை நிரப்பும் வல்லமை சட்டத்துக்கு உண்டு. நம்பிக்கையை நிரப்பும் வல்லமை அதற்கில்லை. அதனை மக்கள் மட்டுமே செய்யலாம். அதற்காக அவர்கள் காத்திருக்கும் நாட்களைச் சட்டம் நீட்டாமலும் ஆள்வோர் தள்ளிப்போடாமலும் இருப்பதே முக்கியமானது. இடைக்காலத்தில் வருபவர் எத்துணைத் திறமையாளராயினும், அந்த எல்லைக்கோட்டை மதித்தல் அவருடைய முதற் கடமையாகும். அது மீறப்படாமற் காத்தல் நம் எல்லோருடைய கடமையுமாகும்.

எனது மாணவன் 2022இல் வாக்குரிமை பெறாத வயதினன். அன்று நாட்டின் தலைவரைத் தெரிவுசெய்த 223 பேரில் அவனும் இல்லை, நானும் இல்லை. 2024 செப்டெம்பரில் வாக்களித்துவிட்டு வந்தவன், வழியில் என்னைக் கண்டு நின்றான். வணங்கிவிட்டு, மை பூசிய விரலைச் சிறிது உயர்த்திக் காட்டினான். அன்று வகுப்பில் நான் சொல்லாது விட்ட விடையை அவனே எனக்குச் சொல்லிவிட்டான் என்று தோன்றியது.